240 ஸ்லிக்கும் ஒன்பது இன்ச் ரிம்மும்: டர்பன் எஸ்2000 ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார் 2001 மாடல் ஹோண்டா எஸ்2000. சொந்தக்காரர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த எலெக்ட்ரீஷியன். எஸ்2000-ஐ ட்ராக்கில் மட்டும்தான் ஓட்டுகிறார்; வேலைக்குப் போக ஒரு பேக்கி (பிக்கப் வண்டி) இருக்கிறது, ட்ரெய்லர் இழுப்பதும் அதுதான். வீல் அலைன்மென்ட்டுக்கு என்னிடம் வந்தவர் கேட்ட கேள்வி இது: "அண்ணே, ஸ்லிக் போட்டும் கார் வேகமே எடுக்கல. கோளாறு டயர்லயா, என்கிட்டயா?"

ஸ்லிக் என்றால் கோடுகளே இல்லாத பந்தய டயர். கோளாறு இரண்டிலும் இல்லை, வாங்கிய வரிசையில் இருந்தது. மலிவாகக் கிடைத்தது என்று டயரை முதலில் வாங்கியிருக்கிறார். அந்த டயர் ஏறுகிற மாதிரி ஒரு ரிம்மைத் தேடியிருக்கிறார். கடைசியில் இரண்டையும் சேர்த்துக் காருக்குள் திணித்திருக்கிறார். சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: காரின் எடையும் சக்தியும் டயரின் அகலத்தைச் சொல்ல வேண்டும், டயர் ரிம்மின் அகலத்தைச் சொல்ல வேண்டும், ஃபெண்டருக்குள் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் உடல் தகடு) இருக்கும் இடம் ஆஃப்செட்டைச் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவை) சொல்ல வேண்டும்.

கூடவே அவருடைய சித்தப்பாவும் வந்திருந்தார். பல வருடம் டயர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் மெர்சிடிஸ் ஆலை ஹோண்டா பலாட் கார்களைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றை வாங்கி, இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார். டர்பன் பக்கத்து நம் வீடுகளில் ஹோண்டா மோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் அந்த பலாட்டைத்தான் காட்டுவார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் ட்ராக் 1981-இல் மூடப்படுவதற்கு முன் அங்கே பந்தயம் பார்த்தவர் என்பதால், ரேஸ் விஷயத்தில் அவரிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

வந்தபோது இருந்த நிலை

ரிம் 18 இன்ச் விட்டம், 8.5 இன்ச் அகலம், ஆஃப்செட் +35. நான்கும் ஒரே அளவு. டயர் 265/645-18 ஸ்லிக் (265 மி.மீ. அகலம், 645 மி.மீ. விட்டம்). பெரிய ஜிடி கார் ஓட்டும் அணி ஒன்று கழற்றிப் போட்டது, ஹார்ட் காம்பவுண்ட் (கடினமான ரப்பர் கலவை). போர்ட் ஷெப்ஸ்டோன் அருகே இருக்கும் ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். சாதாரண செமி ஸ்லிக்கில் (கோடுகள் குறைவாக உள்ள டயர்) எடுத்த நேரத்திலிருந்து ஒரு நொடிகூடக் குறையவில்லை. வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கம் வழுக்குகிறது, ஸ்டியரிங்கில் என்ன நடக்கிறதென்று கைக்கு எதுவும் வருவதில்லை என்றார். மேட்டில் ஏறி இறங்கும்போது பின் ஃபெண்டரில் டயர் உரசுகிறது. உரசலை நான் கேட்க வேண்டியதே இல்லை. ஃபெண்டர் உள்மடிப்பு பளபளவென்று தேய்ந்து பெயிண்ட் இல்லாமல் இருந்தது.

டயரின் மேல்பரப்பு இன்னும் நிறையச் சொன்னது. வெளி ஓரத்தில் ரப்பர் சின்னச் சின்னச் சுருளாக, துருவிய தேங்காய் மாதிரி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. டயர் சூடேறாமலே வழுக்கினால் இப்படித்தான் ஆகும். மேல்தோல் மட்டும் கிழிந்து உருளும், அடியில் இருக்கும் ரப்பர் வேலைக்கே வராது. அதிகச் சூட்டில் கெட்ட டயர் வேறு மாதிரி இருக்கும்: கொப்புளம், நீலப் பளபளப்பு, கையை வைத்தால் பிசுபிசுப்பு. இது அது இல்லை.

சித்தப்பா கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்திப் பார்த்தார். "ரப்பர் செத்துப் போச்சு தம்பி" என்றார். ரப்பர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஷோர் ஏ கடினமானியை வைத்துப் பார்த்தேன். அதே டயரின் உள்பக்க ஓரத்தில், தரை அதிகம் படாத இடத்தில் காட்டியதைவிட நடுவில் தெளிவாகக் கூடுதலாகக் காட்டியது. ஸ்லிக் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். ஆழம் மிச்சம் இருக்கிறதே என்று பார்த்து வாங்குபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஸ்லிக்கில் ஆழம் கடைசிக் கேள்வி. எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதே முதல் கேள்வி. கடினமானியால் ஒப்பிடும்போது இரண்டு டயரும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்ததையும் நிழலில் கிடந்ததையும் ஒப்பிட்டால் பொய்யான பதில்தான் வரும்.

ஆனால் ரப்பர் பழசு என்பது பாதிக் கதைதான். புத்தம் புதிய 265 போட்டிருந்தாலும் இந்த ரிம்மில் இந்தக் கார் சரியாக ஓடியிருக்காது.

ரிம் எங்கே தவறுகிறது

ரிம் அகலம் என்று நாம் சொல்வது டயரின் பீட் (ரிம்மில் கவ்வும் உள் விளிம்பு) உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கும் இடையே உள்ள தூரம். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தால் ஏறத்தாழ ஒரு இன்ச் கூடுதலாக வரும். டேப் வைத்து அளந்து "ஒன்பதரை இன்ச் ரிம்" என்று விற்பவர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 8.5 இன்ச் என்றால் 216 மி.மீ. அதில் 265 மி.மீ. டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் இரண்டும் கீழே உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். தரை படும் பரப்பு நடுவில் லேசாக வீங்கும், ஓரங்கள் எடையை முழுதாக வாங்காது. வளைவில் பக்க விசை வரும்போது முதலில் அந்தச் சாய்ந்த பக்கச்சுவர் வளைந்து நகர்கிறது, அதற்கப்புறம்தான் ரப்பர் தரையைப் பிடிக்கிறது. ஸ்டியரிங் திருப்பியதற்கும் கார் திரும்பியதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. இவருடைய புகாரில் பாதி அந்த இடைவெளிதான்.

சாலை டயரில் இந்தத் தவறு இவ்வளவு கடிக்காது. 225/45 ஆர்17 டயரை 7 இன்ச்சிலிருந்து 8.5 இன்ச் வரை எதில் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று அட்டவணையே சொல்கிறது. அரை இன்ச் ரிம் மாறினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. மாறும், அவ்வளவுதான். ஸ்லிக் அப்படி இல்லை. அதன் தரை படும் பரப்பு கிட்டத்தட்டத் தட்டை, ஓரங்கள் சதுரம். அந்தச் சதுரம் சதுரமாகவே இருக்க பக்கச்சுவர் நேராக நிற்க வேண்டும். ஆகவே ரிம் அகலம் தரை படும் அகலத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. 265 ஸ்லிக்குக்கு ஒன்பதரை, பத்து இன்ச் வேண்டும். அதற்காக ரிம்மை இஷ்டத்துக்கு அகலமாக்கவும் கூடாது. பக்கச்சுவர் வெளிநோக்கி இழுபட்டால் ரிம் விளிம்பு கெர்பில் (ட்ராக் ஓரத்து மேடு) முதலில் அடிபடும், காற்று குறைவாக இருக்கும்போது பீட் இருக்கையை விட்டு நழுவும் ஆபத்தும் கூடும்.

இன்னொரு தவறு அந்த +35 ஆஃப்செட். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பது. எண் பெரிதானால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். எஸ்2000-இன் முதல் மாடலில் முன் ரிம் 6.5 இன்ச், +55. பின் ரிம் 7.5 இன்ச், +65. கணக்கு எளிது: ரிம் அகலத்தில் பாதியை மி.மீ.யில் எடுத்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து ரிம் வெளிப்புறம் எவ்வளவு நீள்கிறது என்று வரும். கூட்டினால் உட்புறம். பின்னால் ஹோண்டா கொடுத்தது வெளியே 30 மி.மீ.; இவர் போட்டது 73 மி.மீ. ஒரு பக்கம் 43 மி.மீ. வெளியே வந்த டயர் ஃபெண்டரில் உரசாமல் என்ன செய்யும்?

உரசல் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. தெரியாத பிரச்சினை முன்பக்கம் இருந்தது. ஆஃப்செட் 55-இலிருந்து 35-க்கு இறங்கியதில் முன் டயரின் நடுக்கோடு 20 மி.மீ. வெளியே போய்விட்டது. ஸ்டியரிங் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் அதே 20 மி.மீ. மாறியது. அதன் பலன் ஒவ்வொரு மேடு பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடுங்குவது, பிரேக் பிடித்தால் கார் தரையின் கோடுகளைத் தேடி ஓடுவது, வீல் பேரிங்கில் நெம்புகோல் விசை கூடுவது. ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளினால் கார் அழகாக நிற்கும் என்று செய்பவர்கள் எல்லோரும் இதே விலையைத்தான் கொடுக்கிறார்கள்.

நட்டைக் கழற்றும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹோண்டாவின் சொந்த நட் உருண்டை இருக்கை கொண்டது. வெளியில் வாங்கும் ரிம்மில் பெரும்பாலும் கூம்பு இருக்கை. இவர் பழைய நட்டையே போட்டு இறுக்கியிருந்தார். உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் மெல்லிய ஒரு வளையத்தில்தான் தொடும். டார்க் ரெஞ்ச் 108 நியூட்டன் மீட்டர் காட்டும், ஆனால் பிடி அந்த அளவுக்கு இருக்காது. ஒரு வீலின் துளைகள் ஏற்கெனவே நசுங்கத் தொடங்கியிருந்தன. டயரைப் பற்றிப் பேசியதெல்லாம் நொடிக் கணக்கு, இது உயிர்க் கணக்கு. அன்றே அந்த ரிம்களை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

அகலம் எவ்வளவு?

சித்தப்பாவின் வாதம்: "அகலம் இருந்தாப் பிடிப்பு இருக்கும். இதுல என்ன ஆராய்ச்சி?" ஒரு வகையில் உண்மைதான். ஒரு டயரின் மேல் எடை கூடக்கூட, ஒவ்வொரு கிலோவுக்கும் அது தரும் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். ஆகவே பெரிய டயர் அதே எடையை இலகுவாகச் சுமக்கும். ஆனால் அந்த டயர் சூடேறினால்தான் இந்தக் கணக்கெல்லாம். ஸ்லிக்கின் காம்பவுண்ட் ஏறத்தாழ 80-லிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரையில்தான் ஒட்டும். அந்தச் சூடு, டயர் தரையில் நெளிந்து வேலை செய்வதால் வருவது. வேலையை எடையும் வேகமும் கொடுக்கின்றன.

எஸ்2000 ஓட்டுநரோடு சேர்த்து 1,340 கிலோ அளவில் இருக்கும், முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதி. ஒரு டயருக்கு நிற்கும்போது 335 கிலோ. பெரிய ஜிடி பந்தயக் கார்களும் எடையில் இதைவிட அதிகமாக இல்லை என்று கார்ச் சொந்தக்காரர் சொன்னார். சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கார்களில் எஞ்சின் சக்தி இரண்டு மடங்கு, அதோடு வேகத்தில் இறக்கை வழியாகக் காற்று பல நூறு கிலோ கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்காகக் கட்டிய கெட்டியான டயர் உடல், இறக்கை இல்லாத 240 குதிரைத்திறன் காரின் கீழே நெளியவே நெளியாது. நான் கேட்டு அவர் அனுப்பிய படங்களில், பிட்டுக்கு (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) வந்தவுடன் எடுத்த வெப்ப அளவுகள் இருந்தன: முன் டயர் வெளியே 61, நடுவில் 70, உள்ளே 66. நடு மட்டும் தூக்கலாக இருப்பது குறுகிய ரிம்மின் கையெழுத்து. மூன்றுமே 80-ஐத் தொடாதது அளவுக்கு மீறிய டயரின் கையெழுத்து.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. வெப்பத்தை அகச்சிவப்புத் துப்பாக்கியால் எடுக்காதீர்கள். அது மேல்தோலைத்தான் காட்டும், அந்தத் தோல் பிட் பாதையில் வருவதற்குள் ஆறிவிடும். ஊசி முனை உள்ள மானியை ரப்பருக்குள் ஒன்றிரண்டு மி.மீ. குத்தி, உள்ளே, நடு, வெளியே என்று மூன்று இடத்தில், ஒரே வரிசையில், வண்டி நின்ற உடனே எடுக்க வேண்டும். இவர் எடுத்தது ஊசி மானியில்தான். எலெக்ட்ரீஷியன், அளவுக் கருவியில் கஞ்சம் பார்க்கமாட்டார்.

மூன்று வழிகளை வைத்துப் பேசினோம். ஹோண்டாவே செய்தது போல முன்னே சிறிது, பின்னே பெரிது என்று வைப்பது ஒன்று. முதல் மாடலில் 205-உம் 225-உம், 2004-இல் 17 இன்ச்சுக்கு மாறியபோது 215-உம் 245-உம் என்று அந்த வித்தியாசத்தை ஹோண்டா கூட்டிக்கொண்டுதான் போயிற்று. பின்பக்கம் சட்டென்று வழுக்கும் பழக்கத்தை அடக்கத்தான் அது. சாலையில் அது நியாயம். ட்ராக்கில் முன் டயர்கள் சீக்கிரம் தேய்ந்து பின் டயர்கள் மிஞ்சும், இடம் மாற்றிப் போடவும் முடியாது.

18 இன்ச் ரிம்மையே பத்து இன்ச் அகலத்தில் வாங்கி 265-ஐக் காப்பாற்றுவது இன்னொன்று. இதைச் சொல்லும்போதே அவர் முகம் சுருங்கிவிட்டது. ஃபெண்டரை வெட்டி அகல ஃபெண்டர் ஒட்ட வேண்டும், டயரும் சூடாகப் போவதில்லை.

கடைசியாக, உலகம் முழுக்க எஸ்2000 ஓட்டுபவர்கள் சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடம்: 17 இன்ச், ஒன்பது இன்ச் அகலம், +63, நான்கும் ஒன்று. சாலை வகை டயர் என்றால் அதில் 255/40 ஆர்17 போடுவார்கள். ஸ்லிக்கில் 240/610-17. ஒன்பது இன்ச் என்றால் 229 மி.மீ.; 240 ஸ்லிக்கின் பக்கச்சுவர் கிட்டத்தட்ட நேராக நிற்கும்.

அளவு எழுதும் முறையில் ஒரு குழி இருக்கிறது. 240/610-17 என்றால் அகலம் 240 மி.மீ., முழு விட்டம் 610 மி.மீ., ரிம் 17 இன்ச். நடு எண் சாலை டயரில் இருப்பது போல விகிதம் இல்லை. சில நிறுவனங்கள் இதையே செ.மீ.யில் எழுதும், சில இன்ச்சில் எழுதும். சிலர் தரை படும் அகலத்தை எழுதுவார்கள், சிலர் பக்கச்சுவர் உட்பட மொத்த அகலத்தை எழுதுவார்கள். இரண்டு நிறுவனத்தின் "24"-ஐ ஒன்றாக நினைத்து வாங்கி, வந்த பிறகு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. தரவுத்தாளில் மொத்த அகலம், எந்த ரிம்மில் அளந்தது, விட்டம் மூன்றையும் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். ஓடப்போகும் பந்தயப் பிரிவின் விதிப் புத்தகத்தையும் முதலிலேயே திறந்து பார்ப்பது நல்லது. ரிம் அகலத்துக்கு எல்லை வைக்கும் பிரிவுகள் உண்டு.

விட்டம் எனக்கு இந்தக் காரில் பிடித்த பகுதி. ஹோண்டாவின் 205/55 ஆர்16, 225/50 ஆர்16 இரண்டையும் கணக்குப் போட்டால் விட்டம் இரண்டுக்கும் ஏறத்தாழ 632 மி.மீ. அதாவது ஏபிஎஸ் கணினிக்கு முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதுதான் பழக்கம். நான்கும் ஒரே ஸ்லிக் போட்டால் அதற்கு ஒரு குழப்பமும் இல்லை. பின்பக்கம் பெரிய விட்டத்தோடு வரும் கார்களில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே முன்பின் விகிதத்தைக் கெடுத்தால் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பிரேக்கிலும் தலையிடும்.

632 போய் 610 என்றால் கியர் ஏறத்தாழ 3.5 சதவீதம் குட்டையாகிறது (அதே வேகத்துக்கு எஞ்சின் அவ்வளவு கூடுதலாகச் சுற்றும்), காரும் 11 மி.மீ. தாழ்கிறது. அவர் வைத்திருந்த 645-ஓ கியரை நீளமாக்கியிருந்தது. இது கடலோரத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்தக் கார் போக வேண்டிய இடம் கியாலமி பந்தய ட்ராக். ஜோஹானஸ்பர்க் மேட்டுநிலத்தில் 1,500 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் சக்தியை விடும், ஆக அங்கே பதினைந்து சதவீதம் வரை போய்விடும். 9,000 சுற்று வரை கத்தினால்தான் உயிர் வரும் எஞ்சினுக்கு அங்கே குட்டைக் கியர் வரப்பிரசாதம்.

ஃபெண்டருக்குள்

ஒன்பது இன்ச், +63 கணக்கை முன்பக்கம் போட்டால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்: வெளியே 24 மி.மீ. கூடுகிறது, உள்ளே 40 மி.மீ. பின்னால் வெளியே 21, உள்ளே 17. காகிதத்தில் சரி என்றால் போதாது. ஷாக் அப்சார்பரிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வீலை மாட்டி, ஜாக்கால் மெதுவாக மேலே தள்ளினோம். ஸ்பிரிங் இல்லாததால் சஸ்பென்ஷன் முழுத் தூரமும் தடையில்லாமல் ஏறும். ஃபெண்டர் உள்மடிப்பிலும் உள்ளே ஆர்ம் பக்கத்திலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவைத்தேன். ஏற்றி இறக்கியபின் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று வெர்னியரால் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். முன் வீலை நேராக, பாதி லாக், முழு லாக் (ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிய நிலை) மூன்றிலும் செய்ய வேண்டும்.

முழு லாக்கில் உள்பக்கம் ஸ்டெபிலைசர் பார் (கார் வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) அருகே களிமண் காகிதம் போல ஆகியிருந்தது. ட்ராக்கில் முழு லாக் வருவது கார் சுழன்று எதிர்ப்பக்கம் பார்த்து நின்றபின் திரும்பும்போதுதான். ஆனால் ட்ரெய்லரில் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் வரும். லாக்கைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினோம். பின் ஃபெண்டரில் மூன்று மி.மீ. மட்டும் மிஞ்சியது. ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கி, ரோலர் போட்டு உள்மடிப்பைத் தட்டையாக்கினோம். அப்புறம் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) கொடுத்தது மீதியைப் பார்த்துக்கொண்டது: முன்னே மைனஸ் 3 டிகிரி, பின்னே அதைவிடச் சற்றுக் குறைவு. முன்பக்கம் ஹோண்டாவின் சரிசெய்யும் போல்ட்டில் இவ்வளவு கிடைக்காது, தனியாக பால் ஜாயின்ட் வாங்க வேண்டியிருந்தது. ரேடியல் ஸ்லிக்குக்கு இந்தக் கேம்பர் தேவை. வளைவில் கார் சாயும்போதுதான் டயர் நேராக உட்காரும்.

எல்லா இடத்திலும் குறைந்தது ஐந்து மி.மீ., ஃபெண்டர் பக்கம் அதைவிடக் கூட விட்டோம். வேகத்தில் டயர் கொஞ்சம் வீங்கும், பக்க விசையில் நகரும். தேய்ந்த ரப்பர் துண்டுகளைத் திரட்டி ஒட்டிக்கொண்டு பிட்டுக்கு வரும் ஸ்லிக்கை ஒருமுறை பார்த்தால் இந்த இடைவெளி அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

டயர் இந்த முறையும் பழசுதான், ஆனால் மீடியம் காம்பவுண்ட், எடை குறைந்த கார் ஒன்றில் ஒரே ஒரு வார இறுதி ஓடியது. சித்தப்பா நகத்தை வைத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகே காசு கொடுக்கப்பட்டது.

கியாலமி

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறிப் போனால் கியாலமி ஏறத்தாழ 570 கிலோமீட்டர். ட்ராக் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர், 2014-இல் ஏலத்தில் கைமாறி, முழுதாகப் புதுப்பித்து 2016-இல் திறந்தது. இவர் டர்பனிலேயே நான்கு டயரிலும் 1.40 பார் காற்று நிரப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலை பிட்டில் வைத்துப் பார்த்தால் மானி எல்லா டயரிலும் ஒன்றரைக்கு மேல் காட்டுகிறது. எனக்குப் போன்.

"அண்ணே, கேஜ் கெட்டுப்போச்சு போல."

"கேஜ் நல்லாத்தான் இருக்கு. நீங்க மலை மேல நிக்கிறீங்க."

பின்னால் சித்தப்பாவின் குரல்: "காத்து யாரும் அடிக்கலியே, எங்கேருந்து கூடும்?"

"வெளிக் காத்துதான் அங்கிள் கொறைஞ்சிருக்கு."

டயர் மானி காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை மட்டுமில்லை, உள் அழுத்தத்துக்கும் வெளிக் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளியே 1.01 பார்; கியாலமி இருக்கும் மிட்ராண்ட் உயரத்தில் 0.85 பார் அளவுதான். டயருக்குள் ஒரு துளி காற்று கூடாமலே மானியில் 0.16 பார் ஏறிவிடும். டயரின் இறுக்கத்தைத் தீர்மானிப்பதும் இந்த வித்தியாசம்தான் என்பதால், அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு ட்ராக்கில் வைத்துக் குறைக்க வேண்டும். கடலோரத்து ஆள் மேட்டுநிலத்துக்கு வந்து முதல் செஷனில் டயர் நடுவைத் தேய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

குளிர்ந்த டயரில் 1.35 பார் வைக்கச் சொன்னேன். கணக்கு இப்படி: 1.35-உடன் வெளிக் காற்று 0.85 சேர்த்தால் 2.20. காலை 20 டிகிரி, உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்தால் 2.65 ஆகும். வெளிக் காற்றைக் கழித்தால் சூடான டயரில் 1.80 பார். இந்த எடையுள்ள காரின் ரேடியல் ஸ்லிக்குக்கு 1.8-லிருந்து 2.0 வரை தொடங்க நல்ல இடம். ஆனால் இது காய்ந்த காற்றுக்கான கணக்கு. டர்பன் ஈரப்பதத்தில் கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும்; அந்த ஈரத்தோடு நிரப்பினால் ஆவி சேர்ந்து அழுத்தம் கணக்குக்கு மீறி ஏறும். தொட்டியை வடித்துவிட்டு நிரப்பினால் நைட்ரஜனுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது செஷன் முடிந்து வந்த எண்கள்: முன் டயர் உள்ளே 93, நடுவில் 87, வெளியே 79. சூடான அழுத்தம் 1.83. பின்பக்கம் இன்னும் நெருக்கம். முன்பக்க உள் ஓரம் கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் நேர்ப்பாதை நீளமான ட்ராக்கில் கேம்பர் உள்ள டயர் அப்படித்தான் இருக்கும். கார் அதே ட்ராக்கில் செமி ஸ்லிக்கில் எடுத்ததைவிடச் சுற்றுக்கு மூன்று நொடிக்கு மேல் வேகம். 265-ஐவிட 25 மி.மீ. குறுகிய டயரில்.

நான்கும் ஒரே அகலம் ஆனதன் விலையும் அங்கேயே தெரிந்தது. மைன்ஷாஃப்ட் என்ற செங்குத்தான இறக்க வளைவில் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகிறது. ஹோண்டா கொடுத்த முன்னே சிறிது, பின்னே பெரிது அமைப்பில் முன் டயர் முதலில் தோற்றுக் காரைக் காப்பாற்றும். இப்போது முன் டயர் தோற்பதே இல்லை, பின் டயர் நழுவுகிறது. இந்த முதல் மாடல் எஸ்2000-இல் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறும் தன்மை வேறு இருக்கிறது; பிந்தைய மாடலில் ஹோண்டாவே அதைத் திருத்தியது. காரைத் தாழ்த்தினால் அது இன்னும் கூடும். பின் டோவை மிகச் சிறிய அளவில் உள்நோக்கி வைத்தோம், முன் ஸ்டெபிலைசர் பாரை ஒரு துளை இறுக்கினோம். பின் டயரில் 0.05 பார் குறைத்தோம். இந்த மூன்றில் எது அதிகம் உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஒரே நேரத்தில் செய்ததால். முறைப்படி ஒவ்வொன்றாகச் செய்திருக்க வேண்டும்; மதியத்துக்குள் மேகம் திரண்டுகொண்டிருந்தது.

மேட்டுநிலத்துக் கோடையில் மதிய இடிமழை கடிகாரம் பார்த்து வரும். ஸ்லிக்குக்கு நீரை விலக்கக் கோடுகள் இல்லை. ஈரத் தரையில் பனியில் போவது போலத்தான். ஹோண்டாவின் பழைய 16 இன்ச் ரிம்களில் கோடு உள்ள டயர் ஏற்றி மழை செட்டாக ட்ரெய்லரில் வைத்திருந்தார். அந்த ரிம்முக்கு உருண்டை நட், புது ரிம்முக்குக் கூம்பு நட். இரண்டு பெட்டியிலும் பெயின்ட்டால் வெவ்வேறு நிறம் அடித்துக் கொடுத்திருந்தேன், அவசரத்தில் மாறிப் போகக் கூடாது என்று.

பிடிப்பு கூடியபின் வந்தவை

டயர் நன்றாகப் பிடித்ததும் அடுத்த பலவீனம் வெளியே வந்தது. நீளமான வளைவில் ஆயில் பிரஷர் விளக்கு ஒரு கணம் மினுக்கியதாக அவர் சொன்னதும், மேற்கொண்டு ஓட்ட வேண்டாம் என்றேன். பக்க விசை கூடினால் எண்ணெய் தொட்டியின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கும், உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். 9,000 சுற்றில் ஒரு கணம் போதும் பேரிங் போக. தடுப்புத் தகடு வைத்த ஆயில் பேன் இப்போது மாட்டியாயிற்று, எண்ணெய் அளவையும் மேல் கோட்டிலேயே வைக்கிறார்.

முன் இடது வீல் பேரிங் ஊளையிடத் தொடங்கியிருக்கிறது. +35 ரிம்மில் ஓடியதன் மிச்சமா, ஸ்லிக்கின் புதுச் சுமையா என்று பிரிப்பது கஷ்டம். எதுவானாலும் மாற்றத்தான் வேண்டும். முன் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிட்டு, வீல் ஸ்டட்களையும் அதே வேலையில் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பேரிங் இரண்டும் கடையில் வந்துவிட்டன, ஸ்டட் வர வேண்டியிருக்கிறது.